அந்தரங்கக் காவலரின் மனு

அந்தரங்கக் காவலர் என்று ஓர் இனம் உண்டு. அதைத் தேடி நீங்கள் காட்டுக்குப் போக வேண்டாம். உங்கள் அலுவலகத்திலேயே, ஜன்னலோர மேசையில், கணினியின் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பார்சல் வந்தால் பெட்டியிலிருந்து முகவரியைக் கத்தரித்து, பதினாறு துண்டாகக் கிழித்து, எட்டை இந்தக் கூடையிலும் எட்டை அந்தக் கூடையிலும் போடும். வாயைத் திறந்தால் ஒரே கேள்விதான்: "இந்த அரசாங்கம் என்ன பண்ணிட்டிருக்கு?"

எங்கள் குடிநீர் அலுவலகத்துத் தலைமை எழுத்தர் இந்த இனம். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'பூட்டு'. அது தெரிந்தால் பெருமைப்படுவார்.

பூட்டுக்கு ஒரே மகள். தனியார் மருத்துவமனையில் செவிலி. மூன்று வருடமாகக் கால் வீங்க நின்று அலுத்துப்போய், ஒரு பெரிய மருத்துவமனைக்குச் சத்தமில்லாமல் விண்ணப்பித்து, தேர்வு எழுதி, நேர்காணலுக்குப் போய், வேலைக் கடிதமும் வாங்கிவிட்டாள். அப்பாவிடம் மட்டும் காட்டினாள்.

"அப்பா, நான் இன்னும் ராஜினாமா குடுக்கல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"என்கிட்டயா சொல்றே? நான் யாரு?"

யார் என்பது பதினோரு நிமிடத்தில் தெரிந்தது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், இருநூற்றுப் பதினான்கு பேர் பார்க்க, கடிதம் முழுசாக ஏறியது. மகளின் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண், சம்பளம், ஒன்று விடவில்லை. கீழே ஒரு வரி: "நெருங்கியவர்களுக்கு மட்டும். வெளியே பகிர வேண்டாம்." அந்த நெருங்கியவர்களில் ஒருத்தி, மகள் வேலை பார்க்கும் இடத்துத் தலைமைச் செவிலியின் தங்கை.

மறுநாள் காலை மகளைக் கூப்பிட்டார்கள். "போறதுன்னு முடிவு பண்ணிட்டே. இன்னிக்கே கிளம்பு." அத்தோடு விடாமல் புது இடத்துக்கும் போன் போட்டு, கடிதம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைச் சொன்னார்கள். கடிதத்தின் தலையிலேயே 'ரகசியம்' என்று கொட்டை எழுத்தில் இருந்ததாம். "ஒரு கடிதத்தையே காப்பாத்தத் தெரியல, நோயாளிங்க விவரத்தை எப்படிம்மா காப்பாத்துவே?" என்று அவர்களும் கைவிரித்தார்கள். அந்தப் பெண் சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறையில் நின்றபடியே அழுதாள்.

பூட்டு கொதித்தார். யார் மேல்?

"என் மக கடிதம் ஊர் பூரா சுத்துது! அரசாங்கம் தூங்குதா?"

நல்ல வேளை, அரசாங்கம் விழித்திருந்தது. இணையத்தில் மக்களின் அந்தரங்கத்தைக் காக்கப் புதுச் சட்டம் வருகிறது, கருத்துச் சொல்ல வாருங்கள் என்று கூட்டம் போட்டிருந்தார்கள். பேசுவதற்கு ஒரு படிவம்: அப்பா பெயர், தாத்தா பெயர், ரத்த வகை, அடையாள அட்டையின் இரண்டு பக்கமும். வந்தவர்கள் எல்லாருடைய கைபேசி எண்ணும் எழுதிய பதிவேடு வாசல் மேசையில் விரித்தே கிடந்தது. பூட்டு சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு மகளையும், கைதட்ட என்னையும் அழைத்து வந்திருந்தார்.

மேடையில் இருபது நிமிடம் முழங்கினார். அதிகாரி அம்மாள் பொறுமையாகக் குறிப்பெடுத்துவிட்டுக் கேட்டார்: "சரிங்க. அந்தக் கடிதத்தை வெளிய விட்டது யாரு?"

"அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும்!"

பின்வரிசையில் மகள் எழுந்தாள். "அப்பாதாங்க."

கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அதிகாரி பேனாவை மூடினார்.

"கம்பெனி கசியவிட்டா அபராதம் போடப் பிரிவு இருக்கும்மா. அரசாங்கமே கசியவிட்டா என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டிருக்கோம். அப்பாவுக்குன்னு ஒண்ணும் இல்லையே."

வீட்டு வாசலுக்கு வந்ததும் பூட்டு, "ஒரு சந்தோஷத்துலதாம்மா போட்டேன்" என்றார்.

"தெரியும்ப்பா" என்றாள்.

நான்கு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள். ஐந்தாம் மாதம் ஒரு நாள் புதுச் சீருடையில் கிளம்பினாள். எந்த மருத்துவமனை? இன்றுவரை பூட்டுக்குத் தெரியாது. "பெத்த அப்பன்கிட்டயே மறைக்கிறா சார்" என்று என்னிடம் வந்து அலுத்துக்கொள்கிறார். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 'அப்படியே நம்ம சித்தப்பா!' என்று தோன்றுகிறது, இல்லையா? இந்தப் பக்கத்தைப் படமெடுத்து, சித்தப்பாவின் போட்டோவையும் சேர்த்துக் குடும்பக் குழுவில் போட விரல் ஏற்கெனவே நீண்டிருக்குமே? போடுவதற்கு முன்னால், அது யாருடைய விரல் என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.