டிராக்டர் மூக்கில் ஆட்டுக்கல்

நாலு நாள் ஓட்டல் சாப்பாடு. திருப்பதி, காளஸ்தி யாத்திரைக்கு நாள் குறித்ததிலிருந்து துளசிங்கத்துக்கு இந்த ஒரே ஆசைதான். டிராக்டரின் டிரெய்லருக்குத் தகரக் கூரை போட்டு, உள்ளே பாய் விரித்து, வீடு மாதிரியே ஆக்கிவிட்டார். வீடு மாதிரி ஆனதுதான் வம்பாகப் போயிற்று. மனைவி மணியம்மை ஆட்டுக்கல்லையும் ஏற்றச் சொன்னாள்.

"ஓட்டல் மாவு நம்ம வயித்துக்கு ஆவாதுங்க. கல்லு வந்தாத்தான் நான் வருவேன்."

அவளிடம் வாதாடி ஜெயித்த சரித்திரம் துளசிங்கத்துக்கு இல்லை. ஆகவே தந்திரத்தில் இறங்கினார். கல், அரிசி மூட்டை, தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் டிரெய்லரின் முன்பக்கம், டிராக்டரோடு மாட்டும் கொக்கியை ஒட்டி அடுக்கினார். பாரம் கொக்கியை அழுத்தினால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகத் தூக்கும். மணியம்மை பயந்துபோய்க் கல்லை வீட்டிலேயே விட்டுவிடுவாள்.

ஊர்க்கோடி மேட்டில் முன்சக்கரம் தூக்கியது. லேசாக அல்ல. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பவில்லை. அது பாட்டுக்கு ஆகாயத்தைப் பார்த்தது. முருகா என்று பிரேக்கை மிதித்தார். டிரெய்லருக்குள்ளே பிள்ளைகள் வேறு இருந்தார்கள்.

பக்கத்துப் பட்டறையிலிருந்து மெக்கானிக் மெஹபூப் பாஷா ஓடிவந்தார்.

"இன்னாண்ணே, மொத்த பாரத்தையும் கொக்கி மேலயே வச்சிக்கினு போறீங்க? மூட்டையெல்லாம் பின்னாடி தள்ளுங்க."

"மூட்டை இல்ல பாய், இந்தக் கல்லுதான். எறக்கிட்டா சரியாப்பூடும்."

மணியம்மை யோசித்தாள். "ஏன் பாய், அதே கல்லை டிராக்டருக்கு முன்னாடி கட்டினா?"

"ஆங், மூக்கு அமுங்கி நிக்கும்க்கா. நல்ல ரோசனை."

பட்டறையில் இரும்புத் தட்டு ஒன்றை மாட்டி, கல்லை நிமிர்த்தி வைத்து, போல்ட் போட்டு இறுக்கினார் பாஷா. "வீடு திரும்புற வரைக்கும் கழட்டிடாதீங்கண்ணே."

மேட்டில் வண்டி சாதுவாக ஏறியது. பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டபிறகுதான் துளசிங்கத்துக்குப் போன உயிர் வந்தது. அந்தக் கல்லை மனசாரக் கும்பிட்டார். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. கல்லைக் கழற்றக் கூடாதென்றால் மாவாட்ட முடியாது. மாவு இல்லையென்றால் ஓட்டல்தான். பாஷாவை வாய்விட்டு வாழ்த்தினார்.

புத்தூரில் நல்ல ஓட்டலாகப் பார்த்து வாசலிலேயே நிறுத்தினார். வடை வாசனை வந்துகொண்டிருந்தது. மணியம்மை ஊறிய அரிசிக் குண்டானோடு இறங்கி வந்தாள்.

"பாயி கழட்டத்தான கூடாதுன்னாரு. இந்தாங்க, நின்னுகினே ஆட்டுங்க."