ஆளில்லாத கூட்டத்தில் நான் பேசிய பேச்சு

கூச்சக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்தக் கூட்டத்திலும் அவர்களை யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். பேத்தி எடுத்த பிறகும் நான் அந்தச் சௌகரியத்தில்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதிலும் வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டு, நான் "உள்ளேன் ஐயா" சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். (பாதி நாள் நான் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை என்றுதான் எழுதியிருப்பார்.) கல்யாணமாகி முதல் தீபாவளி வரைக்கும் என்னை ஊமை என்றே நினைத்திருந்ததாக எங்கள் வீட்டுக்காரர் இன்றும் சொல்வார்.

அப்படிப்பட்ட என்னை மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு கதவு. இல்லை, இல்லாத ஒரு கதவு.

ஊருக்கு ஊர் மகளிர் குழு முளைத்த காலம் அது. திருத்தங்கலுக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. வீட்டுக்கு வீடு பட்டாசுக் கம்பெனி வேலைதான். நான் சரம் பின்னுவேன். கம்பெனியில் ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிரே கதவு இருக்கும். எல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். சத்தம் கேட்டால் ஓட வேண்டும். என்ன, ஏது என்பதெல்லாம் ஓடி முடித்த பிறகு. இது எங்களுக்கு எப்படி ஊறிப்போயிற்று என்றால், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட வாசலைப் பார்த்துத்தான் உட்காருவோம்.

எங்கள் காலனிக்குப் புதிதாகப் பால்வாடி கட்டினார்கள். சுவரில் கிளியும் மயிலும் வரைந்து, பார்க்க அம்புட்டு அழகு. ஆனால் ஒரே ஒரு கதவு. அதுவும் உள்பக்கம் திறக்கிற கதவு. தாய்மார் ஒருத்தியும் பிள்ளையை அனுப்பவில்லை. "பிள்ளைக கையில என்ன வெடிமருந்தா இருக்கு? ரெண்டு கதவு வச்சா ஒண்ணு வழியா வந்து ஒண்ணு வழியா ஓடிப்போகும்" என்றார் அதைக் கட்டிய இஞ்சினீயர். பிள்ளைகள் வராவிட்டால் பால்வாடியை அடுத்த ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள். தீபாவளி சீசன் நெருங்குகிறது. என் மருமகள் மகேஸ்வரி, பேத்தியை விட்டுவிட்டுப் போக இடமில்லாமல் வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

பெரிய அதிகாரி வந்து குறை கேட்கப் போகிறார் என்றதும், குழுவுக்குப் பயிற்சி கொடுக்க விருதுநகரிலிருந்து செல்வராணி என்ற பெண் வந்தாள். எங்கள் குழுவில் பக்கத்து வீட்டுக் குருவம்மாள் பேச ஆரம்பித்தால் பஸ்ஸே நின்று கேட்கும். ஆனால் அந்தப் பெண் விரலை என் பக்கம் நீட்டினாள்.

"இதுவரைக்கும் வாயே திறக்காதவங்கதான் பேசணும். அப்பதான் கேக்கிறவங்களுக்கு உறைக்கும்."

எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. செல்வராணி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். பேச்சு மூன்று வழியில் ஆளைப் பிடிக்குமாம். முதலில் நாம் யார் என்று சொல்லி நம்பிக்கை வர வைக்க வேண்டும். அடுத்து மனசை இளக வைக்க வேண்டும். கடைசியில் மறுக்க முடியாத காரணம் சொல்ல வேண்டும்.

தெருக்குழாயில் வரிசை போட்டிருந்த பிளாஸ்டிக் குடங்களின் முன்னால் நின்று பேசிப் பழகினேன். குடங்கள் மறுப்பே சொல்லவில்லை. ஆனால் நடுவழியில் தடை. மனசை இளக வைக்க எனக்குக் கண்ணீர் வரவேண்டுமே, வரவில்லை.

"இதுக்கா மதினி முழிக்கீக?" என்றாள் குருவம்மாள். "விருதுநகர் மார்க்கெட்டு மிளகா வத்தல் எதுக்கு இருக்கு? முந்தானையில ரெண்டு வத்தலைக் கசக்கி முடிஞ்சுக்கோங்க. சமயம் பாத்து லேசா ஒத்திக்கிட்டாப் போதும்."

(லேசா என்றாள். அது என் காதில் ஏறவில்லை.)

கூட்டம் அந்தப் பால்வாடிக்குள்ளேயே நடந்தது. வெளியே வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். உள்ளே எங்கள் பெண்கள் எல்லாரும் கதவு ஓரமாகவே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, அதிகாரியும் இஞ்சினீயரும் உட்கார்ந்திருந்த மேசையின் முன்னால் தரை காலியாகக் கிடந்தது. "முன்னால வந்து உக்காருங்கம்மா" என்று அதிகாரி கூப்பிட்டுப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை.

என் பெயரைச் சொன்னார்கள். போய் மைக்கைக் கையில் பிடித்தேன். முதல் வழி, நான் யார். யோசித்தேன். பெயர் வரவில்லை. நிஜமாகவே என் பெயர் எனக்கு மறந்துபோனது. "ஏ மதினி, சீனியம்மான்னு சொல்லு" என்று வாசல் பக்கமிருந்து குருவம்மாள் எடுத்துக் கொடுத்தாள். "ஆமா" என்றேன் மைக்கில்.

இனி இரண்டாம் வழிதான் கதி என்று முந்தானையை எடுத்து இரண்டு கண்ணிலும் நன்றாகத் தேய்த்தேன்.

அதிகாரி மனசு இளகியதா என்று தெரியாது. எனக்கு உலகமே இளகி ஒழுகியது. கண் தீயாக எரிய, மூக்கு ஒரு பக்கம் ஓட, போட்ட தும்மலில் மைக் கை நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. உள்ளே ஒரு டமார். வேப்பமரத்தில் அதைவிடப் பெரிய டமார்.

ஒருத்தியும் கத்தவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்தார்கள், ஓடினார்கள். உள்பக்கம் திறக்கிற கதவை நெரிசலில் திறக்கத் திண்டாடி, குருவம்மாள், யார் கொண்டையையோ பிடித்து இழுக்கிற மாதிரி தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாளாம். ஒல்லியான அதிகாரியைக் கால் தரையில் படாமல் நடுவில் வைத்துக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் இறக்கினார்களாம். இஞ்சினீயர் நல்ல கனத்த உடம்பு. நிலைப்படியில் சிக்கி, பின்னால் வந்தவர்கள் தள்ளியதில் சட்டைப் பித்தான் எல்லாம் தெறித்து வெளியே வந்தாராம். (ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை.)

இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. விழுந்தது மைக்தான் என்று தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டும். அதனால் ஓடவில்லை. பாவாடை ஓரத்தால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், எதிரே ஒரு ஈ காக்கை இல்லை.

அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது.

மைக்கை எடுத்து வைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தது ஒன்று விடாமல் சொன்னேன். "நான் சீனியம்மா. வயசுக்கு வந்த நாள்லருந்து சரம் பின்றேன். எந்தச் சத்தத்துக்கு ஓடணும்னு எனக்குத் தெரியும். என் பேத்திக்குத் தெரியாது. அவளுக்கு அந்தத் தாழ்ப்பாளு எட்டாது. ஒரு கதவுல நெருப்பு நின்னா, பிள்ளை எங்கிட்டுப் போகும்? நாங்க அங்கன சரத்தைப் பாப்போமா, இங்கன பிள்ளையை நினைப்போமா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயைத் திறந்தே பழக்கமில்லையே, மூட வரவில்லை.

"அந்த இஞ்சினீயரு வீட்டுல போயிப் பாருங்க. வாசலுக்கு ஒரு கதவு, கொல்லைக்கு ஒரு கதவு இருக்கும். கடங்காரன் வந்தா அவரு கொல்லைப்பக்கமா ஓடணும், எங்க பிள்ளைக மட்டும் ஓட வேணாமா? அவரு உடம்புக்கே தனியா ஒரு கதவு வேணும். பெரிய ஐயா மட்டும் என்ன? வந்ததுலருந்து எங்க குறையைக் கேட்டதைவிட மேசை மேல இருந்த கலர் சோடாவைக் குடிச்சதுதான் சாஸ்தி..."

வெளியே கொல்லென்று சிரிப்புச் சத்தம். காது கொடுத்துக் கேட்டேன். வேப்பமரத்திலிருந்து என் குரலே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மைக் உடையவில்லை. காலனி முழுக்க வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்ன, ஒளிந்துகொண்டேன்.

ஒற்றைக் கால் செருப்போடு அதிகாரி உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இன்னும் ஏதும் பாக்கி இருக்கா?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பின்னாலேயே இஞ்சினீயர், சட்டையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் சுவர்களைத்தான் சுற்றிப் பார்த்தார். "கதவு எந்தப் பக்கம் வேணும்க்கா?" என்றார். எதிர்ச் சுவரைக் கையால் காட்டினேன். போகும்போது திரும்பி நின்று, "எங்க வீட்டுல கொல்லைக் கதவு இல்லைக்கா. மாடியில வாடகைக்கு இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரிதான் இருந்தது.

மயில் வரைந்திருந்த இடத்தில் கதவு வந்தது. இரண்டு கதவையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார்கள். மகேஸ்வரி சீசன் தொடங்குமுன் வேலைக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்து முழுங்குவது தெரிந்தால் போதும். "எல்லாரும் எந்திரிங்கப்பா, அம்மா பேசணுமாம்" என்பான் என் மகன். ஒருத்தர் பாக்கியில்லாமல் தெருவுக்குப் போய் நின்றுகொள்வார்கள்.

போன வருஷம் அதே பேத்தி விருதுநகரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப்போகிறேன் என்றாள். "பொம்பளைப் பிள்ளையைத் தனியா விடுறதா, அதெல்லாம் சரிப்படாது" என்று வீடே ஒரு பக்கம் நின்றது. நான் சுவரைப் பார்த்தேன். மகன் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தான். எல்லாரும் வெளியே போனார்கள். காலி நாற்காலிகளிடம் நான் பேச வேண்டியதைப் பேசினேன்.

கொஞ்ச நேரத்தில் சன்னலுக்கு வெளியே மகன் குரல் கேட்டது. "சரிம்மா, சேத்துருவோம். வெயில் கொளுத்துது, உள்ள வரவா?"

"இன்னும் முடியலை" என்றேன். "அங்கனயே நில்லுங்க."