பழுது பார்க்க ஒரு மணி நேரம்

எந்த அலுவலகத்திலும் இந்த இனத்தில் ஒருவராவது இருப்பார். எதுவும் கெடாது என்று சொல்பவரல்ல. கெட்டால் என்ன, சட்டென்று சரியாகிவிடும் என்று சொல்பவர். நம்மவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'ஒருமணி சார்'.

ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் ஏற்றும் இரண்டு பம்புகளும் எவ்வளவு நம்பகமானவை என்று கணக்கிடுவது அவர் வேலை. பம்ப் நின்றால் அந்த நொடியே தெரிந்துவிடும், ஃபிட்டர் பக்கத்திலேயே நிற்பார், உதிரிபாகம் அலமாரியில் இருக்கும், இரண்டாவது பம்ப் எப்போதும் தயார், பழுது பார்த்தது புதுசாகவே ஆகிவிடும், ஆகவே ஒரு மணி நேரம் தாராளம் என்று எழுதி, வருஷத்தில் ஒன்பது நிமிஷம்தான் தண்ணீர் நிற்கும் என்று வண்ணப் படம் போட்டே நிரூபித்துவிட்டார். யார் மறுப்பார்கள்? விடையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் இருந்ததே!

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதுக்குப் பம்ப் நின்றது. வார்டுக் குழாய் வெறும் காற்றை ஊதிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. ஃபிட்டர் போன் செய்தார்.

"வாங்க சார், நீங்களே நேர்ல பாருங்க."

ஓடி வந்த சார், "ரெண்டாவதைப் போடுங்க!" என்றார்.

"அதோட பேரிங்கைக் கழட்டித்தானே போன மாசம் இதுக்குப் போட்டோம்?"

"ஸ்டோர்ல வேற இருக்குமே?"

"இருக்கு. சாவி ஸ்டோர்காரர்கிட்ட. அவர் பல் டாக்டர்கிட்ட."

வாயைப் பிளந்து படுத்திருந்தவரின் சட்டைப் பையிலிருந்து சாரே சாவியை எடுத்து வந்தார். பெட்டியைத் திறந்தால் பேரிங் வேறு அளவு. ஃபிட்டர் கடைக்குப் பறந்தார். அதற்குள் ஆபரேஷன் அறைக் குழாயும் நின்றுபோக, முழங்கை வரை சோப்பு நுரையோடு டாக்டரம்மா இறங்கி வந்தார்.

"உள்ளே ஒருத்தர் ஆபரேஷனுக்குக் காத்துக்கிட்டிருக்கார். எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு ம..." என்று தொடங்கிய சார், பெட்டியில் கிடந்த பேரிங்கைப் பார்த்தார். "தெரியலைங்க" என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக!

பிறகு என்ன? கோட்டைக் கழற்றிவிட்டு, பக்கத்துக் கட்டடத்திலிருந்து மூன்று மாடிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பம்ப் ஓடும்போது மணி நாலு. 'புதுசான' அது ஓரத்தில் ஒழுகிக்கொண்டே ஓடியது.

மறுநாள் கணக்கில் ஏழு மணி நேரம் என்று எழுதினார். மேலாளர் முகம் சுளித்தார்.

"ஏன் சார் பயமுறுத்துறீங்க? பழைய மாதிரியே போட்டுடுங்களேன்."

"போடறேன். அடுத்த தடவை வாளி நீங்க தூக்குங்க."

அந்த வாரமே இரண்டாவது பம்ப் சரியானது. ஸ்டோருக்கு மாற்றுச் சாவியும் வந்தது.

ஆள் திருந்திவிட்டார் என்கிறீர்களா? சாவி வந்த அன்று மாலை மேஜையை விட்டு எழுந்திருக்காமலே மனைவிக்குப் போன் செய்தார்: "கிளம்பிட்டேம்மா, பத்து நிமிஷத்துல வீட்ல இருப்பேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படிக்க உட்காருமுன் நீங்கள் யாரிடம் "இதோ, அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்?