விருதுநகருக்கு வந்த ஸ்பெயின் வத்தல்பொடி

உங்கள் அண்ணனை, எங்கள் அத்தாவை, கெடுத்தது நீங்கள்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் ஸலாம் சொல்வது என்று பேனாவை எடுக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அஸ்ஸலாமு அலைக்கும், அன்வர் சச்சா. வலென்சியாவில் நீங்களும் சச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்படிச் சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. போனில் பேசினால் "எல்லாம் சரியாயிரும்லே" என்று வைத்துவிடுவீர்கள் என்பதால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

காலண்டர் சீசன் என்று ரெண்டு மாதமாகத் திருத்தங்கல் பிரஸ்ஸிலேயே படுத்துக் கிடந்தேன். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே ஒரு போர்டு: அன்வர் ஸ்பெயின் ஸ்டோர்ஸ். எந்த அன்வரோ, எவன் காசோ, நல்லா அழியட்டும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தேன். அத்தா டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்லாவில் அம்மா. மிளகாய் மண்டியில் இருந்த நம் கடையைக் காலி செய்துவிட்டார்களாம். "சொன்னா நீ சண்டைக்கு வருவன்னுதான் சொல்லல. இப்ப வந்துட்டேல்ல, போடு சண்டையை. மொதல்ல கையக் கழுவு" என்றாள் அம்மா.

சச்சா, இந்த ஊரே மிளகாய் வத்தலிலும் பருப்பிலும் எண்ணெயிலும் பிழைக்கிறது. இந்த ஊருக்கு நீங்கள் அனுப்பியது உறைக்காத வத்தல்பொடி, வேகவைத்துப் பாட்டிலில் அடைத்த கொண்டைக்கடலை, பிறகு எண்ணெய். ஆலிவ் எண்ணெயைக் கையில் எடுக்கிறவர்களிடம் அம்மா முதல் கேள்வியாக "சமையலுக்கா, முட்டுவலிக்கா?" என்றுதான் கேட்கிறாள். சமையலுக்கு என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. கறுப்பு ஆலிவைக் கடித்துப் பார்த்த ஒரு கண்டக்டர், "நாவப்பழத்தை எதுக்கு பாய் உப்புல போட்டுக் கொன்னு வச்சிருக்கீக?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்த் துப்பினார். மண்டியில் நமக்குப் பக்கத்துக் கடைக்காரர் சங்கிலிமுத்து வத்தல்பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தார். "பாய், இது வத்தலா, செங்கப்பொடியா? நாக்குல வச்சது நாக்குக்கே தெரியல." அதற்கு அத்தா, "அதான் முத்து இதோட தரம்" என்றார். சிரிக்காமல் சொன்னார், சச்சா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்தப் புதன்கிழமை சாயந்திரம் மாரித்தாய் வந்தாள். பட்டாசு யூனிட்டில் வேலை பார்க்கிறவள், கம்பெனி வேன் இங்கே இறக்கிவிட்டதும் மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறுவாள், பழைய பழக்கத்தில் அரைக்கிலோ வத்தல் கேட்டாள். அத்தா ஓக் மரப் புகையில் உலர்த்திய உங்கள் வத்தல்பொடி டப்பாவைத் திறந்து, "மோந்து பாரு தாயி" என்று மூக்குக்கு நேரே நீட்டினார். மூடின அறைக்குள் புகை வாசம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று நின்று பார்க்கிறவர்கள் அவள் வேலை பார்க்கிற இடத்தில் உயிரோடு இல்லை. "ஓடுங்க! மருந்து பத்திருச்சு!" என்று கத்திக்கொண்டு டப்பாவைத் தட்டிவிட்டு, கல்லாவில் இருந்த அம்மாவைக் கையோடு இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிவிட்டாள். பக்கத்தில் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கடை. அவன் ஷட்டரைப் போட்டான், டீக்கடை காலி, நின்ற பஸ்ஸெல்லாம் ஆள் ஏறாமலே கிளம்பிவிட்டன. அம்மா நடுரோட்டில் நின்று "ஏ, என் செருப்பு!" என்று கத்துகிறாள். தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கிய ஆபீசரிடம் அத்தா இன்னொரு டப்பாவைத் திறந்து, "ஒண்ணுமில்ல சார், மோந்து பாருங்க" என்று நீட்டினார். அவர் மோந்து பார்த்துவிட்டு, "தண்ணியத் தொறங்கடா" என்றார்.

டீ ஆறுவதற்குள் வந்த வண்டி, சச்சா. மாரித்தாயின் தங்கை பொன்மணி யூனிட்டுக்குள் கருகியபோதும் வண்டி புறப்பட்டது. போய்ச் சேர ரோடு இல்லை. லோடு லாரி வருகிற பக்கம் மட்டும் ரோடு போட்டிருந்தான் முதலாளி, பெண்கள் உட்கார்ந்து வெடிமருந்து அடைக்கிற பக்கம் வெறும் கருவேலங்காடு. காரியம் முடிந்ததும் மாரித்தாய் வேலைக்கு அதே கம்பெனி வேனில் ஏறினாள், வேறே வேன் இல்லை. தீயணைப்பு வண்டி வந்த மறுநாள் நம் கடைக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள். "தப்பா நெனைக்காதீக பாய். அந்த வாசம் வந்தா காலு எம்பேச்சக் கேக்காது." மன்னிப்புக் கேட்க வேண்டியவன் எவனும் கேட்கவில்லை, இவள் கேட்கிறாள்.

இப்போது கடைக்கு யாரும் வருவதில்லை. மண்டியில் நம் பழைய இடத்தைச் சங்கிலிமுத்து சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறார், இந்த வெள்ளிக்கிழமை தாண்டினால் வேறு ஆளுக்குப் போய்விடும். அத்தா அவரிடம் சொன்ன பதில்: "தம்பி ஆசைப்பட்டு அனுப்புனது. அவன் வாயால மூடுன்னு சொல்லாம நான் மூடமாட்டேன்." ஆகவே நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் போன் போட்டு, மூடுங்கண்ணே என்று ஒரு வார்த்தை. வேறு எதையும் அனுப்ப வேண்டாம்.

சச்சிக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ. அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத்தையும் எங்களுக்குப் பழைய கடையையும் தரட்டும்.

தவுபிக்

பி.கு.: போட்டோ எடுக்க வெளிச்சம் தேடிக் கடை வாசலுக்கு வந்தேன். அத்தா தாளை வாங்கிப் படித்துவிட்டார். "அவன் எங்கலே ஆசைப்பட்டான்? அங்கன ஓடாதுண்ணே, வேண்டாம்ணேன்னுதான் சொன்னான். நாந்தான் கெஞ்சி வாங்குனேன்." ஏன் என்று கத்தினேன். "மண்டியில உக்காந்தா வத்தத் தூசி நெஞ்ச அடைக்குது. ரெண்டு வருசமா செவுத்துல சாஞ்சுதான் தூங்குறேன். ஒங்கம்மாவுக்குத் தெரியும், ஒனக்குத்தான் தெரியாது. இங்கன வந்த பொறகு படுத்துத் தூங்குறேன்லே."

இன்றுதான் வெள்ளிக்கிழமை. சங்கிலிமுத்து பைக்கை நிறுத்திவிட்டு, மண்டியில் என்ன சொல்ல என்று கேட்டு வாசலில் நிற்கிறார். அத்தா கடைச் சாவியை என் கையில் வைத்து, "மறுபடி அங்க போய் உக்காரட்டுமா? நீ சொன்னா உக்காருறேன். சொல்லுலே" என்கிறார்.