கறுப்புக் கூடுகள் முந்நூறு திரும்பி வந்த விவரம்

மேப்பிள் ஃபோர்க், பென்சில்வேனியா
நவம்பர் 9

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை டெல்மர் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் கிளிஃபர்ட் ஹுடாக் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வின்னியும் என் இடது முழங்கால் நீங்கலாக நலம். அங்கே நீங்களும் என் தங்கை லொரெய்னும் அந்த ஆரஞ்சுப் பூனையும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இரண்டு வருடமாக வேண்டவில்லை; அந்தப் பாக்கியையும் சேர்த்தே வேண்டியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை உங்கள் பார்சல் வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, ஒரு காபி டப்பா மட்டும். மூடியைத் திறந்து மேஜைமேல் கொட்டினேன் மாப்பிள்ளை. என் கைத்துப்பாக்கித் தோட்டாக் கூடுகள்! ஊரெல்லாம் வைத்திருக்கிற மஞ்சள் பித்தளை இல்லை. பித்தளைமேல் தொழிற்சாலையிலேயே கறுப்புப் பூச்சு போட்டு, கொஞ்ச காலம் விற்று, பிறகு நிறுத்திவிட்ட சரக்கு. சுட்டதும் தெறித்து விழுவதை நாலு வருடம் புல்லில் தவழ்ந்து முந்நூறு பொறுக்கிச் சேர்த்து, வெடிமருந்து நிரப்பி, சுட்டு, திரும்பப் பொறுக்கி, திரும்ப நிரப்பி வைத்திருந்தவை. இரண்டு வருடம் முன்னால், செப்டம்பர் மாதத் தொழிலாளர் தினத் துப்பாக்கி சுடும் போட்டியன்று அவை காணாமல் போனதும், உங்களுக்கு அவற்றின்மேல் ஒரு கண் என்று சந்தேகப்பட்டு, கிளப் விருந்தில் எல்லார் முன்னாலும் உங்கள் கார் டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னேன் அல்லவா? நம் கிளப்பில் அடுத்தவன் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாலும் தின்னலாம், அடுத்தவன் சுட்ட கூட்டைப் பொறுக்கக் கூடாது. அதனால்தான் அப்படிக் கேட்டேன். நீங்கள் காலி டிக்கியைத் திறந்து காட்டிவிட்டு லொரெய்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அன்றோடு போக்குவரத்து நின்றது. அண்ணி நாத்தனார் இரண்டு பேரும் மாதா கோயில் மீன் விருந்தில் திருட்டுத்தனமாகச் சந்திப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

எதையும் சோதிக்காமல் நம்புகிறவன் இல்லை நான். ஃபிரிட்ஜில் கோயில் காலண்டரைப் பிடித்திருந்த காந்தத்தைப் பிடுங்கி முந்நூற்றையும் தடவினேன். சில கூடுகள் மேலுக்குப் பகட்டாக இருக்கும், உள்ளே இரும்பு, மருந்து நிரப்பும் கருவிகளைக் கெடுத்துவிடும். ஒன்றுகூட ஒட்டவில்லை. சுத்தப் பித்தளை! அடுத்து அடிப்பாகத்து எழுத்து. என் கூடுகளில் எல்லாம் ஒரே கம்பெனி எழுத்து. இதில் ஐந்து கம்பெனி எழுத்து. முதலில் திக்கென்றது. அப்புறம் யோசித்தேன், பாவம், இரண்டு வருடத்தில் பாதியைத் தொலைத்திருப்பீர்கள், கணக்குக் குறையக் கூடாதென்று எங்கெங்கோ தேடி ஈடு செய்திருக்கிறீர்கள். திருடினாலும் என்ன நாணயம் என்று வின்னியிடம் வாய்விட்டே சொன்னேன். பல கூடுகளில் பூச்சுக்குள்ளேயே ஆரஞ்சு ரோமம் ஒட்டியிருந்தது. பூனையைப் பக்கத்திலேயே காவல் வைத்திருந்தீர்கள் போல.

வின்னி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். "ஏங்க, இது நெயில் பாலிஷ் வாடை மாதிரி இல்ல?" என்றாள். "ஒனக்கென்னடி தெரியும் துப்பாக்கிச் சமாச்சாரம், போய் முட்டைக்கோசை நறுக்கு" என்று அனுப்பினேன். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் போய்விட்டாள். பிறகு கூடுகளைத் தேய்த்து மெருகேற்றும் உருளையில், வால்நட் ஓட்டுத் தூளோடு போட்டு ஓட்டினேன். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால், ஐயோ மாப்பிள்ளை, தூளெல்லாம் கறுப்புக் களி, கூடெல்லாம் மஞ்சள் மஞ்சளென்று இளிக்குது! உங்க வீட்டுக் கீழறை ஈரம்தான் பூச்சை அரிச்சிருச்சுன்னு நினைச்சு உங்களைக் கொஞ்சம் திட்டவும் செஞ்சேன், அதை மறைக்கல.

சரி, ஒருத்தரைக் கேட்டுவிடலாம் என்று கிளப்புக்கு நாலைந்தை எடுத்துப் போனேன். நாற்பது வருடம் லேத்து ஓட்டிய நம்ம ஓடிஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். "கிளிஃப், இது தொழிற்சாலைப் பூச்சு இல்லடா. அவன் பூசியிருந்தா ஜென்மத்துக்கும் உரியாது. இது யாரோ குந்தி கையால தடவுனது" என்றான். "முந்நூறு கூட்டுக்கும் குந்தித் தடவ எவனுக்குய்யா பைத்தியம்?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "அதானே, எவனுக்கு" என்று சொல்லிவிட்டு மான்கறிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டான். வயசாகிறது அவனுக்கும்.

எது எப்படியோ, ஐம்பதை நிரப்பிச் சுட்டேன், ஒன்றுகூட மக்கர் பண்ணவில்லை. மாப்பிள்ளை, மனசு நெறஞ்சு சொல்றேன், ரொம்ப நன்றி. எடுத்ததைத் திருப்பித் தர பெரிய நெஞ்சு வேணும். உங்களை முழுசா மன்னிச்சிட்டேன், கிளப்பிலும் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நன்றி நவிலும் நாள் விருந்துக்கு நீங்களும் லொரெய்னும் அவசியம் வர வேண்டும். நீங்கள் கதவோரம் உட்காரலாம். வழக்கம்போல் வீட்டுப் பெரியவனாக, வெந்த வான்கோழியை நான்தான் வெட்டிப் பரிமாறுவேன். பழசைப் பற்றி ஒரே ஒரு முறை பேசிவிட்டு அப்புறம் பேச மாட்டேன்.

உங்கள் இருவருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும், காய்ந்த கீழறையும் தந்தருளட்டும். பூனைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
மனத்தாங்கல் தீர்ந்த மைத்துனன்,
கிளிஃபர்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வின்னி கூப்பிட்டாள். விருந்துக்கென்று பரணிலிருந்து வான்கோழி வேகவைக்கும் பெரிய தட்டத்தை இறக்கியிருக்கிறாள். நீங்கள் வராததால் இரண்டு வருடமாக வான்கோழியும் இல்லை, அந்தத் தட்டத்தை யாரும் தொடவும் இல்லை. அதற்குள் ஒரு காபி டப்பா. முந்நூறு கூடு, எல்லாம் கறுப்பு, ஒரே எழுத்து. நகத்தால் சுரண்டினேன், உரியவே இல்லை. போட்டிக்கு முதல் நாள், உங்கள் கண்ணில் படக் கூடாதென்று நானே ஒளித்து வைத்தேன், இப்போதுதான் நினைவு வருகிறது.

அப்படியென்றால் நீங்கள் அனுப்பியது உங்கள் சொந்தக் கூடு. எடுக்காததைத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். என் தங்கை சின்ன நெயில் பாலிஷ் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, மடியில் பூனையோடு, முந்நூற்றுக்கும் பூசியிருக்கிறாள். நான் சமாதானமாக ஒரு சாக்கு வேணும்னு செஞ்சீங்க. நான் அதையும் உருளையில போட்டு அரைச்சேன்.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். வின்னி கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்படியே அனுப்புங்க. ரெண்டு வருஷம் அழ வச்சீங்கல்ல, அவங்க ஒரு நாள் சிரிக்கட்டும்" என்கிறாள். அனுப்புகிறேன். கிளப்பிலும் போய்ச் சொல்கிறேன், அன்று விருந்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், என் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு.

மன்னிச்சிருங்க மாப்பிள்ளை. கதவோரம் நான் உட்கார்றேன். வான்கோழியை நீங்க வெட்டுங்க.