மில்ட்ரிக்குப் போன நடுத்துண்டு

சத்தியம்! செய்யூர் முருகன்மேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், கத்திரி வெயிலில் என் குடை கம்பி வேறு துணி வேறாகப் பிய்ந்து போகட்டும். இதற்குமேல் ஒரு மனிதன் எப்படிச் சத்தியம் செய்வான்?

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். தாலுகா ஆபீசில் முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு மகத்தான தீர்மானம் எடுத்தேன். இனி இந்த ராஜாராம் எவனுக்காகவும் ஒரு மனு எழுதமாட்டான். ஓர் ஆபீஸ் படி ஏறமாட்டான். சாய்வு நாற்காலி, பேப்பர், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. மீதி ஆயுள் அவ்வளவுதான்.

அந்தத் தீர்மானத்துக்கு எமன் எதிர் வீட்டில் வந்து இறங்கினான். பெயர் ஹவில்தார் வாசுதேவன். பனிமலைக் காவலில் இரண்டு கால்விரல்களைப் பறிகொடுத்து, ராணுவத்திலிருந்து ஊருக்கு வந்தவர். வரும் வழியில் ரயிலில் டிரங்குப் பெட்டி களவு போய்விட்டது. அதில்தான் ராணுவம் விடுவித்து அனுப்பியதற்கு அத்தாட்சியான டிஸ்சார்ஜ் புக்கு. அது இல்லாமல் ஊனப் பென்ஷன் கிடையாது. பென்ஷன் இல்லாமல், மதுராந்தகத்தில் மாமனார் வீட்டில் கிடக்கும் மனைவி சியாமளாவையும் மகளையும் அழைத்துவர வழி கிடையாது.

என் மனைவி தெய்வநாயகி மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.

"இன்னாங்க, மில்ட்ரிக்காரருக்கு அந்தப் பேப்பர ரெடி பண்ணிக் குடுங்களேன். உங்களுக்குத் தெரியாத ஆபீசா?"

"நான் ரிடையர்டு."

"அவருந்தான் ரிடையர்டு. நொண்டிகினே ஆபீஸ் ஆபீசா சுத்திகினு கீறாரு."

"அவரு காலு, அவரு சுத்துறாரு. உனுக்கு இன்னா?"

பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். நாலாவது முறை அவள் கேட்கவே இல்லை. அதை வெற்றி என்று நினைத்தேன் பாருங்கள், முட்டாள்!

அந்த ஞாயிறு கடப்பாக்கத்து வஞ்சிரம். முப்பத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் நடுத்துண்டு எனக்கு. தாலி கட்டும்போதே எழுதாமல் எழுதிய ஒப்பந்தம் அது. தட்டைப் பார்த்தேன். வால்!

"நடுத்துண்டு எங்கடி?"

"மில்ட்ரிக்குக் குடுத்தனுப்பிச்சேன். பாவம், தனியா கீறாரு."

"வாலும் மீன்தானே? அத அவருக்குக் குடுக்கிறது!"

"நாட்டுக்கு வெரலக் குடுத்தவருக்கு வாலக் குடுப்பாங்களா?"

வாலைப் பிட்டு வாயில் போட்டேன். முள் தொண்டையில் நின்றுகொண்டது.

அதோடு விட்டாளா? மறுநாள் அவருடைய மீசையைப் புகழ்ந்தாள். அந்த மீசையில் பக்கத்துக்கு ஒரு காக்கை உட்காரலாம். ஒருநாள் உட்கார்ந்தே இருந்தது. என் கண்ணால் கண்டேன். நானும் வளர்த்தேன். பதினைந்தாம் நாள், "உதட்டு மேல இன்னாது அழுக்கு, தொடைங்க" என்றாள்.

அவர் காலையில் உடற்பயிற்சி செய்வார். இரண்டு விரல் இல்லாமலே குதிப்பார். பத்து விரல் உள்ள நான் சும்மா இருப்பேனா? குதித்தேன். மூன்றாவது குதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டது யார்? அதே வாசுதேவன்.

"ஒத்தக் கையால தூக்கிட்டாரும்மா, கோழிக்குஞ்சு மாதிரி!" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சலில் நாலு வீட்டு நாஸ்தாவுக்கு இட்லி வேகவைத்திருக்கலாம்.

கட்டிலில் கிடந்தபடியே திட்டம் போட்டேன். இவனுக்குப் பென்ஷன் வந்தால் சியாமளா வருவாள். சியாமளா வந்தால் அந்த வீட்டு அடுப்பு எரியும். அந்த அடுப்பு எரிந்தால் என் வயிறு அணையும். ஆகா!

இடுப்பு நிமிர்ந்த அன்றே ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வயசுல பேஜாரு? வுடுங்க," என்றாள் தெய்வநாயகி.

"நாட்டுக்குச் செய்யற கடமைடி இது. உனுக்கு இன்னா தெரியும்!"

போலீசில் களவுச் சான்று. செங்கல்பட்டில் நோட்டரி கையெழுத்து. வி.ஏ.ஓ. சான்றிதழ். ராணுவப் பதிவகத்துக்கு ரிஜிஸ்தர் தபால். மூன்று ஜோடி செருப்பு தேய்ந்தது. நாலாவது ஜோடி, "நான் வரல" என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் சோம்பினாலும், ஞாயிற்றுக்கிழமை வால்துண்டு தட்டில் கிடந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும். எழுந்து ஓடுவேன்.

நாலாம் மாதம் பென்ஷன் உத்தரவு வந்தது. வாசுதேவன் படித்துவிட்டு, விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"அண்ணாத்த, இனிமே எம் பொண்ணு எங்க வூட்லர்ந்து பள்ளிக்கூடம் போவும்."

எனக்கும் கண்ணில் ஏதோ தூசி.

சியாமளா வந்தாள், மகள் வந்தாள், அடுப்பு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என் தட்டில் நடுத்துண்டு. இரண்டு விரல் கனம். ஜெயித்துவிட்டேன்!

அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு புது ஆள். கடற்படையிலிருந்து வந்தவராம், பெயர் தேவசகாயம். ஆறேகால் அடி. எங்கள் வாசல் நிலை தலையில் இடிக்காமலிருக்க, தெருமுனையிலேயே குனிந்துகொண்டு வந்தார். கையில் கனமான ஃபைல்.

"உள்ள வாங்க தம்பி! அடேயப்பா, இன்னா ஒசரம்!" என்றாள் தெய்வநாயகி.

என் தட்டைப் பார்த்தேன். வால்.

"யாருய்யா உன்ன இங்க அனுப்பிச்சது?"

"மில்ட்ரி கேண்டீன் கியூவுல வாசுதேவன் சொன்னாரு சார். 'செய்யூர்ல ஒரு அக்கா கீறாங்க. போயி நடுத்துண்டு சாப்ட்டுகினு இரு. வாயத் தொறந்து எதுவும் கேக்காத. மிச்சத்த அவங்க வூட்டுக்காரரே ஓடி முடிச்சிருவாரு'ன்னு."

மெதுவாக மனைவி பக்கம் திரும்பினேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "கேட்டுப் பாத்தேன், நீங்க எழுந்துக்கல. கேக்காம பாத்தேன், ஓடுனீங்க."

சூது முழுக்க வெளிச்சமாகிவிட்டது. தெரிந்த பிறகு எவனாவது ஏமாறுவானா? நாற்காலியை விட்டு அசைவதில்லை என்று உட்கார்ந்தேன். தேவசகாயம் நடுத்துண்டைப் பிட்டு வாயில் போட்டார். கண்ணை மூடி, "அடடா அக்கா!" என்றார்.

மறுநாள் ஆறு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். மடியில் அவருடைய ஃபைல்.

இதை நான்தான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சுவிடாதீர்கள், ஐயா. முக்கியமாக, கேண்டீன் கியூவில். ராணுவம் ஆயிற்று, கடற்படை ஆயிற்று. விமானப்படை இன்னும் பாக்கி இருக்கிறது.