ஸ்பாட்டு டிக்கெட் வாங்கிய நாள்

டிக்கெட் இல்லாமல் பயந்தவர்களை நீங்கள் எல்லா ரயிலிலும் பார்த்திருப்பீர்கள். கையில் டிக்கெட் இருக்கிறதே என்று பயந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியிலேயே, எங்கள் கள்ளிக்குப்பம் ஸ்பாட்டுதான்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. எந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும், "ஸ்பாட்ல பாத்துக்கலாம் நைனா" என்பார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் இரும்பு கடைந்து ஓய்வு பெற்றவர். வேலையில் ஒரு மயிரிழை பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பாராம். பட்டறை வாசலைத் தாண்டிவிட்டால் திட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் அதற்கு நேர் எதிர். எதிர் வீடும்கூட. ஒரு மியூசியத்துக்குப் போவதென்றாலும் ஒரு மாதம் முன்பே ஆன்லைனில் டிக்கெட் எடுத்து, இரண்டு பிரிண்ட் போட்டு, ஒன்றை மனைவியின் கைப்பையில் வைப்பேன். அப்படி எடுத்த நாள்களில் பாதி, எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும் அல்லது ஊரில் மழை வந்திருக்கும். இதை ஸ்பாட்டு ஒவ்வொரு முறையும் குறித்து வைத்துக்கொள்வார்.

"இன்னாத்துக்கு நைனா இப்பவே டிக்கெட்டு வாங்கிகினு கீற? டிக்கெட்டு வாங்கறதுன்னா இன்னான்னு தெரியுமா, தெரியாதா உனக்கு?"

தெரியும். எங்கள் பக்கத்துப் பேச்சில், "அவன் டிக்கெட் வாங்கிட்டான்" என்றால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். மற்றவர்களுக்கு அது கிண்டல் பேச்சு. ஸ்பாட்டுக்கு அது அனுபவம். அவருடன் பட்டறையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், குடும்பத்தோடு கன்னியாகுமரி பார்க்க முன்கூட்டியே எல்லா டிக்கெட்டும் வாங்கி வைத்தார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மாரடைப்பு. "டிக்கெட்டு வாங்குனான், டிக்கெட்டு வாங்கிட்டான்" என்று சுடுகாட்டில் யாரோ சொல்லப்போக, அன்றைக்கு ஸ்பாட்டின் மூளையில் ஒரு ஆணி இறங்கியது.

அதிலிருந்து ஒரு சித்தாந்தமே கடைந்து வைத்திருந்தார். "டிக்கெட்டு வாங்குனா ஒடனே வண்டில ஏறிடணும். ரெண்டுக்கும் நடுவுல கேப்பு வுட்டேன்னு வெச்சிக்க, அவன் பூந்துடுவான்." 'அவன்' என்றால் எமன். பட்டாபிராமிலிருந்து சீசன் டிக்கெட்டில் வந்துபோகும் பட்டறைக்காரர்களை அவர் போர்முனைக்குப் போகிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். "முப்பது நாளைக்கு முன்கூட்டியே! தில்லான பசங்கோ."

இந்தச் சித்தாந்தத்தின் விளைவுகளை அனுபவித்தது அவருடைய மனைவி கஸ்தூரி அக்கா. ஒருமுறை பேரப்பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போனார்கள். விசாரிக்காமல், டிக்கெட் எடுக்காமல், ஸ்பாட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, வார விடுமுறை. பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று, மதில்மேல் உட்கார்ந்திருந்த நாலு குரங்கைக் காட்டி, "உள்ள இருக்கறதும் இதே ஜாதிதான், பாத்துக்கோங்கோ" என்று சொல்லித் திரும்ப அழைத்து வந்தார். படகுத் துறைக்குப் போய்க் கடைசிப் படகின் முதுகைப் பார்த்துவிட்டு வந்ததும் உண்டு.

இதெல்லாம்கூட அக்காவுக்குப் பெரிய வருத்தமில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஆசை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போக வேண்டும். பஸ்ஸில் போகலாமே என்று கேட்காதீர்கள். முதல் வளைவுக்கே அக்காவுக்குக் குடல் புரண்டுவிடும். ரயில் இல்லையென்றால் ஊட்டி இல்லை.

அந்த ரயிலில் ரிசர்வ் செய்யாமல் ஏறக் கொஞ்சம்தான் இடம். ஸ்பாட்டு அக்காவை மூன்று தடவை மேட்டுப்பாளையம் வரை கூட்டிப்போனார். மூன்று தடவையும் வரிசையில் அவருக்கு நாலு ஆள் முன்னால் கவுண்டர் மூடியது. மூன்று தடவையும் ரயில் புகைவிட்டுக்கொண்டு கிளம்ப, இவர்கள் பிளாட்பாரத்தில் நின்று கையசைத்துவிட்டு அம்பத்தூர் திரும்பினார்கள். "அடுத்த தபா ஸ்பாட்டுக்கு இன்னும் சீக்கிரமா போயிடலாம்" என்று ஸ்பாட்டு சமாதானம் சொல்வார். அக்கா புளிசாதத் தூக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பார்.

போன வருடம் அக்காவின் முழங்கால் முடியாமல் போனது. இரண்டு காலுக்கும் ஆபரேஷன் என்றார் டாக்டர். மூன்று மாதம்வரை தள்ளிப்போடலாம், அதற்கப்புறம் நீண்ட பயணமெல்லாம் எப்போது முடியுமோ சொல்ல முடியாது என்றார். அன்று சாயங்காலம் அக்கா என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், "வுடும்மா, ஃபோன்ல வீடியோ வருதுல்ல, அதுலயே பாத்துக்கறேன்." வாசலில் செருப்பு தைத்துக்கொண்டிருந்த ஸ்பாட்டு, ஊசியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நின்றார். முகம் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் முகம்.

"நைனா, உன் பொட்டியில அந்த ரயிலுக்கு ரெண்டு டிக்கெட்டு வாங்கு."

உடனே கம்ப்யூட்டரைத் திறந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு தேதியில், ஜன்னலோரமாக இரண்டு இடம் கிடைத்தது. பட்டனை அவரையே அழுத்தச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

வெற்றி தலைக்கேறினால் மனிதன் என்ன செய்வான்? தெரு வாட்ஸாப் குரூப்பில் போடுவான். நான் போட்டேன்: "நம்ம ஸ்பாட்டு அண்ணாத்தே இன்று காலை டிக்கெட் வாங்கிட்டார். பக்கத்தில்தான் இருந்தேன். இன்னும் நம்பவே முடியவில்லை." கடைசியில் ஒரு கும்பிடும் கை.

'அடடா' என்று ஒருவர் போட்டார். சரி, அவருக்கும் ஆச்சரியம்தான் என்று நினைத்தேன். "எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?" என்று இன்னொருவர். ரயிலைத்தான் கேட்கிறார் என்று, "காலைல ஏழு மணிக்கு எடுத்துடுவாங்க" என்று எழுதினேன். "கஸ்தூரி அக்கா எப்படி இருக்காங்க?" என்று ஒரு பெண்மணி கேட்டார். நான் நிதானமாகப் பதில் போட்டேன்: "அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். முப்பது வருஷமா இதுக்குத்தானே காத்திருந்தாங்க."

ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

தலை துவட்டிக்கொண்டு வந்தபோது எதிர் வீட்டு முன்னால் இருபது பேர். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கையில் ஆளுயர ரோஜா மாலை. ஒரு சின்ன வேனிலிருந்து இரண்டு பேர் ஃப்ரீசர் பாக்ஸை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டினார்கள். திறந்தவர் ஸ்பாட்டு. லுங்கி, ஒரு கையில் பாதி இட்லி.

"பாடி எங்க வெக்கணும்ணே?" என்றார் பெட்டிக்காரர்.

"யாரு பாடிப்பா?"

"ஸ்பாட்டுன்னு ஒருத்தராம்."

இட்லி கீழே விழுந்தது. செயலாளர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். ஆளுயர மாலையை எந்த முதுகும் மறைக்காது. "சும்மா... பாத்துட்டுப் போலாம்னு..." என்றார். நான் ஈரத்தலையோடு ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம் சிரித்தது. ஸ்பாட்டு சிரிக்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியா நைனா? ரயிலுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வாங்கணும்ன. இதுக்குப் பாரு, பொட்டி அரை மணில ஸ்பாட்டுக்கு வந்துட்சி. வாணாம். கேன்சல் பண்ணிடு."

ஒரு மனிதன் தன் வாழ்நாள் பயத்தை ஒரு பட்டனில் அழுத்தி முடித்து ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை. அதற்குள் நானே அவர் வாசலுக்குப் பெட்டியை வரவழைத்துவிட்டேன். அக்காவின் ஜன்னலோரமும் என்னால் போகப்போகிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, கஸ்தூரி அக்கா வெளியே வந்தார். செயலாளர் கையிலிருந்த மாலையை வாங்கினார். நேராக வந்து ஸ்பாட்டின் கழுத்தில் போட்டார்.

"இந்தாய்யா. நீ டிக்கெட்டு வாங்கிட்டன்னு ஊரே சொல்லிட்சி. மாலையும் வந்துட்சி, பொட்டியும் வந்துட்சி. லிஸ்ட்ல உன் பேரை அவன் அடிச்சிட்டான். அடிச்ச பேருக்கு எதுக்குய்யா இன்னொரு தபா வரப்போறான்? ஏழு மணி வண்டிக்கு இன்னா எடுத்துகினு போலாம்னு யோசி."

ஸ்பாட்டு மாலையோடு யோசித்தார். பட்டறையில் அளவு பார்க்கிற முகம். கடைசியில், "லாஜிக்கு கரெக்டா கீது" என்றார். பெட்டி திரும்பிப் போனது.

ஆனாலும் லாஜிக் வேறு, பயம் வேறு. அந்த இரண்டு மாதமும் பால் வாங்கப் போவதற்குக்கூட ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடந்தார். மீன் முள்ளுக்குப் பயந்து மீனை விட்டார். தென்னைமரம் இருக்கிற வீடுகளைச் சுற்றிக்கொண்டு போனார். கிளம்புகிற அன்று அம்பத்தூர் ஸ்டேஷனில் வழியனுப்பப் போனேன். ஹெல்மெட் இல்லை. அக்காவை ஒரு கையிலும் புளிசாதத் தூக்கை இன்னொரு கையிலும் பிடித்திருந்தார்.

மறுநாள் மதியம் ஃபோன் வந்தது. ஒரே இரைச்சல்.

"நைனா, மேல வந்துட்டோம். உயிரோட கீறேன்."

"அக்கா எப்படி இருக்காங்க அண்ணாத்தே?"

"அவ என்னைத் திரும்பியே பாக்கல நைனா. ஜன்னலை வுட்டு இப்டி அப்டி அசையல. குகை வர்றப்பல்லாம் சின்னப் பொண்ணு மாதிரி கத்துனா. நான் ஒரு மடையன் நைனா. முப்பது வருசம்..." அதற்குமேல் டவர் இல்லை. நான் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து இப்போது தெருமுனைவரை நடக்கிறார். போன வாரம் ஸ்பாட்டு என் வீட்டுக்கு வந்தார். பேரனிடம் கற்றுக்கொண்டு அவரே ஃபோனில் எடுத்தாராம்.

"மறுபடி அதே ரயிலு. ரெண்டு மாசம் கீது. இந்த தபா நாலு. உனக்கும் உன் வூட்டுத் தங்கச்சிக்கும் சேத்து டிக்கெட்டு வாங்கிட்டேன் நைனா."

இந்தச் செய்தியை நான் குரூப்பில் போடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு வாரமாக ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் இரண்டு முறை பார்க்கிறேன். ரயிலில் எனக்குக் கிடைத்திருப்பது ஸ்பாட்டுக்குப் பக்கத்து இடம். தவறவிட எனக்கு மனசில்லை.